இடப்பக்க மூலை

எங்கள் மருத்துவமனையின் சலவைக்கூடம் அடித்தளத்தில் இருக்கிறது. சன்னல்கள் தெருவின் மட்டத்துக்கு இருப்பதால் வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். அந்தச் சன்னல் ஒன்றின் கீழேதான் என் தையல் இயந்திரம். கிழிந்த விரிப்பு, நாடா அறுந்த கவுன், ஓரம் பிரிந்த தலையணை உறை எல்லாம் என்னிடம் வரும். குனிந்து தைக்கிறவனுக்குக் காது சும்மாதானே இருக்கிறது. ஆகவே அந்த அறையில் நடந்த எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை.

அறையை நடத்தியவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நானும் அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே கணக்குப் பார்த்ததில்லை.

காலையில் முதல் சலவை இயந்திரத்தைத் திறக்கும் முன், அதன் மேல் கை வைத்துச் சற்று நேரம் கண் மூடி நிற்பார் அக்கா. ஒருநாள் கேட்டேன்.

"என்ன அக்கா வேண்டிக்கிறீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல அண்ணே. இன்னைக்கு இந்தத் துணி மேல படுக்கிறவங்க எல்லாரும் எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றார். இதைவிடப் பெரிதாக ஒருவர் என்ன வேண்டிக்கொள்ள முடியும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அக்காவின் கீழே இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். துணி மடிக்கும் பெண்ணுக்குக் கொட்டாவி என்று பெயர் வைத்திருந்தோம். கதவு திறந்தால் ஒரு கொட்டாவி, மூடினால் ஒரு கொட்டாவி. சொந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கொட்டாவி என்றால் "என்னவாம்?" என்பாள். துவைத்து உலர்த்துகிறவனின் பெயர் நாளைக்கு. உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியைச் சுத்தம் செய்தாயா என்று கேட்டால், "நாளைக்கு." தரையில் சோப்புத் தண்ணீர் நிற்கிறதே என்றால், "நாளைக்கு." அவன் கெட்டவன் அல்ல. எந்த நாளும் அவனுக்கு இன்றாக விடியவில்லை, அவ்வளவுதான்.

இவர்களை வைத்துக்கொண்டு அக்கா பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் பச்சைத் துணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் மேல் விரிக்கிற பெரிய பச்சைத் துணி அது. சாதாரண விரிப்பைப் போல அதை மடிக்கக்கூடாது. விசிறி மாதிரி முன்னும் பின்னுமாக மடித்து, மேல் ஓரத்தில் ஒரு மூலையை மட்டும் நாக்கு நீட்டினாற்போல வெளியே விடவேண்டும். மேலே நீராவியில் கிருமி நீக்கி எடுத்த பிறகு, கையுறை போட்ட நர்ஸ் அந்த மூலையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் துணி முழுவதும் நோயாளியின் மேல் விழுந்துவிட வேண்டும். மூலை உள்ளே மாட்டிக்கொண்டால் நர்ஸ் தேடுவார், துணி எங்கேயாவது படும், பட்ட துணி அழுக்குக்கூடைக்குப் போகும். வேறு துணிக்கட்டைப் பிரிக்கும்வரை மேசையில் கிடக்கிறவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

அக்காவின் மடிப்பு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். மூலை எப்போதும் வலப்பக்கம், எப்போதும் ஒரே நீளம். பல வருடம் அப்படியே மடித்து மடித்து, மணிக்கட்டில் நரம்பு இறுகிவிட்டது. விரல்கள் மரத்துப்போயின. டம்ளரைப் பிடித்திருக்கிறோம் என்று நினைப்பார், அது தரையில் உருளும். அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும், அதன் பிறகு மூன்று வாரம் கை அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

ஒருநாள் மேனேஜரே கீழே இறங்கி வந்தார். அவர் கடுமையான ஆள் இல்லை. மேலே யாரோ அவரை நெருக்கினார்கள், அவர் எங்களை நெருக்கவேண்டி இருந்தது.

"நீங்க போய் கையைச் சரி பண்ணிக்குங்கம்மா. அந்த மூணு வாரமும் இவங்க ரெண்டு பேரும் ஆபரேஷன் தியேட்டர் துணியை ஒழுங்கா அனுப்பிட்டாங்கன்னா சலவை இங்கேயே நடக்கும். முடியலன்னா வெளி கம்பெனிக்குக் குடுத்துடறதா மேல பேசிட்டாங்க. அதுக்கப்புறம் இந்த அறையைப் பூட்டிட வேண்டியதுதான்."

அவர் போனதும் அக்கா இரண்டு பேரையும் கூப்பிட்டு, மேனேஜர் சொன்னதை அப்படியே சொன்னார். வேலையே போய்விடும் என்று கேட்டால் யாருக்கும் வயிற்றில் புளி கரைக்கும். இவர்கள் இருவருக்கும் எதுவும் கரையவில்லை.

"அதெல்லாம் நீங்க பாத்துக்குவீங்க அக்கா," என்றான் நாளைக்கு.

"நான்தான் இருக்க மாட்டேனே!"

"இருக்க மாட்டேன்னு சொல்லுவீங்க. வந்துடுவீங்க," என்று கொட்டாவி ஒரு கொட்டாவி விட்டாள்.

அக்கா விடவில்லை. கொட்டாவியைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்.

"மூலை வெளிய இருக்கணும்மா. இங்க பார், உள்ள போயிடுச்சு."

"ம்."

"இது வெளிய இருக்கு, ஆனா இடப்பக்கம் இருக்கு. வலப்பக்கம் வரணும்."

"எனக்கு இடக்கைதானே அக்கா, இப்படித்தான் வருது."

"பழகிக்க. நாளைக்கு நான் இல்லன்னா என்ன பண்ணுவ?"

"நாளைக்குதான் இருக்கானே," என்று எதிரே நின்றவனைக் காட்டினாள் அவள். அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துணியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன்.

கனிவாகச் சொன்னார். கண்டிப்பாகவும் சொல்லிப் பார்த்தார், ஆனால் அவருக்குக் கோபிக்கத் தெரியாது. கோபித்த கையோடு "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுவார். மாலையில் இருவரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், கொட்டாவி மடித்த அடுக்கை முழுதாகப் பிரித்து, மரத்துப்போன விரல்களால் ஒவ்வொன்றாக மறுபடி மடிப்பார். உலர்த்தியதில் ஈரம் இருக்கிறதா என்று நாளைக்கு என்கிறவன் பார்க்கவேண்டிய துணிகளையும் அவரே தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். என்னிடம் ஒரு வார்த்தை அவர்களைக் குறை சொன்னதில்லை. "பாவம், பழகலை," என்பார்.

அப்படி ஒரு மாலையில் அக்காவின் கணவர் அவரை அழைத்துப்போக வந்தார். பஸ் ஓட்டுகிறவர். நல்ல பருமன், நல்ல குரல். பஸ்ஸில் பின்சீட்டுக்காரரோடு பேசிப் பேசி அந்தக் குரல் அப்படி ஆகிவிட்டது என்பார். என் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, மனைவி பிரித்து மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கல்யாணமான புதுசுல நான் வீட்ல பாத்திரம் கழுவுவேன், தெரியுமா?"

"நீங்களா?"

"நானேதான். பளபளன்னு கழுவி வெப்பேன். இந்த அம்மா வந்து என்ன பண்ணுவாங்க, ஒரு வார்த்தை பேசாம எல்லாத்தையும் எடுத்து மறுபடி கழுவுவாங்க. ரெண்டாவது வாரம் நான் சுமாரா கழுவினேன். மூணாவது வாரம் தண்ணியில காட்டிட்டு வெச்சேன். அப்புறம் யோசிச்சேன், எப்படியும் அவ கழுவத்தானே போறா, நடுவுல நான் எதுக்கு?"

"சோம்பேறித்தனத்துக்கு ஒரு கதை," என்றார் அக்கா, திரும்பாமலே.

"கதையா? இப்ப நீ என்ன பண்ணிட்டிருக்கே? அந்தப் பொண்ணு மடிச்சது ஒண்ணாவது மேல போயிருக்கா? ஒண்ணே ஒண்ணு? அவ தியேட்டருக்காக மடிக்கலம்மா. நீ பிரிக்கிறதுக்காக மடிக்கிறா. பிரிக்கப் போறதை எவ ஒழுங்கா மடிப்பா?"

அக்காவின் கை நின்றது. கணவர் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து போய் சன்னலில் தெரிந்த கால்களைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா பாதி பிரித்த துணியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு அதை மட்டும் மடித்து வைத்துவிட்டு, மீதியைத் தொடாமல், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை. கொட்டாவி மடித்துக்கொண்டிருந்தாள். தியேட்டருக்குப் போகும் தள்ளுவண்டி வந்து நின்றது. வழக்கமாக அந்த நேரத்துக்குள் அக்கா எல்லாவற்றையும் ஒருமுறை பிரித்திருப்பார். அன்று இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் யாரோ அவரை நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

"வண்டியில ஏத்தும்மா," என்றார்.

கொட்டாவி ஏற்றினாள். வண்டி கதவைத் தாண்டியது. அவள் வாய் பாதி திறந்தது. வந்த கொட்டாவி வெளியே வராமல் நின்றுவிட்டது.

"அக்கா, நீங்க பாக்கவே இல்லியே?"

"நீ பாத்தியா?"

"நான் மடிச்சேன்."

"அப்ப போகட்டும்."

"அதுல ஒண்ணு ரெண்டு... மூலை உள்ள போயிருக்கும்க்கா."

"உனக்குத்தானே தெரியும்."

அக்கா வேறு பக்கம் திரும்பி, ஒன்றும் இல்லாத மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். கொட்டாவி அவரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடினாள். நான் அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து அவள் ஓடிப் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று கழன்று கதவருகே கிடந்தது.

"டேய் நாளைக்கு, கொட்டாவி ஓடுறா பார்டா!" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

லிஃப்ட் அதற்குள் போய்விட்டதாம். படியேறித் தியேட்டர் வாசலில் வண்டியைப் பிடித்து, அங்கேயே சுவரோரம் நின்று சரியில்லாதவற்றைப் பிரித்து மடித்துக் கொடுத்திருக்கிறாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள், ஒற்றைச் செருப்போடு அக்கா முன்னால் நின்றாள்.

"அக்கா, மேல தியேட்டர் நர்ஸ்கிட்ட கேட்டேன். மூலை எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லையாம். கைக்குக் கிடைச்சா போதுமாம்."

"எந்தப் பக்கம் இருந்தாலுமா?"

"ஆமாக்கா. இடமோ வலமோ, தேட விடாம இருந்தா சரிங்கிறாங்க."

நான் ஊசியை நிறுத்திவிட்டேன். இத்தனை வருடம் இடப்பக்கம் இருந்த ஒரே குற்றத்துக்காக எத்தனை துணியை அக்கா பிரித்து மடித்தார் என்று நினைத்துப் பார்த்தேன். இப்படி ஒன்றைக் கேட்டால் பலருக்கு முகம் சுண்டிவிடும். "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று நர்ஸைத் திட்டுகிறவர்கள் உண்டு. அக்கா கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நானா ஒரு பக்கத்தை வெச்சுக்கிட்டு, உன்னைத் தினம் தப்புன்னு சொல்லிட்டேனேம்மா. மன்னிச்சுக்க."

"அட, நீங்க வேற," என்றாள் கொட்டாவி. காது சிவந்து, கழன்ற செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

அக்காவை நான் மதிப்பதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் வேலை தெரிந்த கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அன்று அவர் நின்றாரே, அதற்காகத்தான் மனத்துக்குள் முதலில் கும்பிட்டேன். பிறருக்காக உழைக்கிற பெருந்தன்மை நிறையப் பேரிடம் இருக்கிறது. பிறர் உழைப்புக்கு இடம் விடுகிற பெருந்தன்மையைக் கடவுள் கேட்டவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறார் என்று நினைக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அக்கா இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை அவிழ்த்தார். சோப்பு அலமாரி, இயந்திர அறை, மின்சாரப் பெட்டி எல்லாவற்றின் சாவியும் அதில்தான். நாளைக்குவிடம் நீட்டினார்.

"நாளைக்கு வாங்கிக்கறேன் அக்கா."

"நாளைக்கு நான் மேசை மேல படுத்திருப்பேன். இன்னைக்கே பிடி."

அவன் வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தான். "எல்லாமேவா?" என்றான். "எல்லாமே," என்றார் அக்கா. எப்படிச் செய்யவேண்டும் என்று அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எங்கள் மருத்துவமனையிலேயேதான் சிகிச்சை. அன்று காலை கொட்டாவி எங்களுக்கெல்லாம் முன்னால் வந்திருந்தாள். தியேட்டர் கட்டு ஒன்றை மடித்து முடித்து, அதன் மேல் கை வைத்து, கண்ணை மூடி நின்றாள். தூங்கிவிட்டாளோ என்று உற்றுப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அக்கா கையில் கட்டோடு வீட்டுக்குப் போனார் என்று தெரிந்ததும் நாங்கள் மூவரும் டீ வாங்கிக் குடித்தோம். முதல் வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாவது வாரம், விடாமல் மழை பெய்த ஒருநாள், மேலேயிருந்து பச்சைத் துணிக்கட்டு ஒன்று திரும்பி வந்தது. மடிப்பில் பிசகில்லை. துணி சரியாக உலரவில்லை. ஈரத் துணியைத் தியேட்டரில் தொடமாட்டார்கள்.

நாளைக்கு வெளுத்துப்போனான். நேராக ஃபோனுக்குப் போனான்.

"யாருக்கு?" என்றாள் கொட்டாவி.

"அக்காவுக்கு."

"வை ஃபோனை. கூப்பிட்டா வந்துடுவாங்க. வந்தா தொட்டுடுவாங்க. தொட்டா கை போயிடும்."

"அப்ப யாரு மேல போய் பேசறது?"

"சாவி யார்கிட்ட இருக்கோ அவங்க."

அவன் நன்றாக உலர்ந்த வேறு கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது ஆள் வேறு மாதிரி இருந்தான். என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, தியேட்டர் வாசல்ல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. பொண்டாட்டியை உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்களாம். கையில அவங்க செருப்பைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காரு. ஏன் இன்னும் ஆரம்பிக்கலன்னு என்கிட்ட கேட்டாரு. நான் என்னண்ணே சொல்லுவேன்?"

"என்ன சொன்னே?"

"இதோ ஆயிடும், வேற துணி கொண்டுவந்துட்டேன்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சிட்டு நன்றிங்கிறாரு. எனக்கு நன்றி சொல்றாரு அண்ணே!"

சொல்லிவிட்டு அவன் உலர்த்தும் இயந்திரத்தின் பின்பக்கப் பலகையைக் கழற்றி, தலையை உள்ளே விட்டான். கம்பளி மாதிரி அடைத்துக்கிடந்த பஞ்சை அள்ளி அள்ளி வெளியே போட்டான்.

விஷயம் காதுக்கு எட்டி மேனேஜர் வந்தபோது இயந்திரத்துக்கு வெளியே அவனுடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. இத்தோடு அறையைப் பூட்டிவிடுவார் என்றே நினைத்தேன்.

"கட்டு திரும்பி வந்துச்சாமே?"

அவன் வெளியே வந்து நின்றான். தலையெல்லாம் பஞ்சு.

"ஆமா சார். தப்பு என்னோடதுதான். வடிகட்டியை நான் சுத்தம் பண்ணல. இப்ப பண்ணிட்டேன். இனிமே தினமும் பண்ணுவேன்."

மேனேஜர் சாக்குக்காகக் காத்திருந்தவர் போல நின்றார். மழை, கரண்ட், பழைய இயந்திரம் என்று ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பஞ்சுத் தலையைப் பார்த்துவிட்டுப் படியேறினார். போகிற போக்கில் என்னிடம் மெல்லச் சொன்னார்:

"வெளிய குடுத்தா, என் தப்புன்னு வந்து நிக்க அங்க யாரு இருப்பாங்க?"

மூன்று வாரம் முடிந்தது. சலவை இங்கேயே நடக்கட்டும் என்று மேலிடத்தில் ஒப்புக்கொள்ளவைத்து, அதைத் தானே கீழே வந்து சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர். அன்று மாலையே அக்கா கணவரோடு வந்தார். கையில் இன்னும் சின்னக் கட்டு. மேசைமேல் பச்சை அடுக்கு நிமிர்ந்து நின்றது. அக்காவின் இன்னொரு கை தானாக அதை நோக்கி நீண்டது.

"அக்கா, தொடக்கூடாது," என்றாள் கொட்டாவி. "டாக்டர் சொல்லியிருக்காரு."

"அந்தக் கைக்குத்தானேடி சொன்னாரு."

"எங்களைக் கேட்டா ரெண்டு கைக்கும்தான்."

அக்கா சிரித்தபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அண்ணே, அன்னைக்கு எனக்குக் கையை மட்டும்தான் மரத்துப்போக வெச்சாங்க. முழிச்சுட்டே கிடந்தேன். ஒரே பயம். நர்ஸ் துணிக்கட்டைப் பிரிக்கிறாங்க, நான் தலையைத் திருப்பிப் பாக்கறேன். மூலை இடப்பக்கம் இருந்துச்சு அண்ணே. ஒரே இழுப்பு. அப்படியே மழை மாதிரி என்மேல விழுந்துச்சு. அப்புறம் பயமே இல்ல. யாரோ எனக்குப் போத்தி விட்ட மாதிரி இருந்துச்சு."

அன்று காலை கொட்டாவி அந்தத் துணிக்கட்டின் மேல் கை வைத்து நின்றதை நான் சொன்னேன். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் மடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்காரர் எங்களிடம் வந்தார்.

"அண்ணே, மூணு வாரமா வீட்ல பாத்திரம் யாரு கழுவினது தெரியுமா?"

"சொல்லுங்க, தெரிஞ்சமாதிரி இருக்கு."

"இன்னைக்குக் காலையில அந்தக் கட்டைப் பாதி அவுத்துட்டாங்க. விரல் அசையுது. நான் கழுவி வெச்ச டம்ளர்ல தண்ணி எடுக்கறா. ஓரத்துல சோப்பு ஒட்டியிருக்கு. நான் பாக்கறேன், அவளும் பாக்கறா. இப்ப எடுத்துக் கழுவப் போறான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"குடிச்சிட்டா அண்ணே," என்றார் அவர். மனைவி பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "குடிச்சிட்டு, நல்லா இருக்குங்கிறா."